சாவி என்னிடம் இருந்தது

லாத்தா,

போன சனிக்கிழமை உங்கள் மருமகள், பாடத் தாள்கள் இருக்கும் அந்த நீலக் கோப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது. பிரித்ததும் தைல வாடை. தஃலீம் வகுப்பு தொடங்குமுன் இரண்டு நெற்றிப்பொட்டிலும் தேய்த்துக்கொள்வீர்களே, அந்தப் பச்சைத் தைலம். தாளுக்குத் தாள் உங்கள் விரல் பட்ட இடத்தில் எண்ணெய்த் திட்டு. நான் அழுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, "ஆன்டி, உக்காருங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இன்றுவரை இறங்கவில்லை.

"இனிமே நீங்கதான் கிளாஸ் எடுக்கணுமாம். எல்லா ஆன்டிமாரும் சொல்றாங்க. நோட்ஸ் எல்லாம் இதுலயே இருக்கு, அப்படியே படிச்சா போதும்," என்றாள்.

அப்படியே படித்தால் போதுமாம்.

மௌத்தானவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்று நமக்குச் சொல்லியிருக்கிறது. அதை மீறக்கூடாது என்றுதான் நீங்கள் இறந்த இந்த ஆறு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போதும் நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை. உங்களிடம் பேசுகிறேன். இதை யார் படித்தாலும் உங்கள் பெயர் அதில் இருக்காது, நம் தெருவின் பெயரும் இருக்காது. கிள்ளானில் எத்தனையோ தெரு, எத்தனையோ சனிக்கிழமை வகுப்பு.

நீங்கள் என் கூடப் பிறந்த லாத்தா இல்லை. என்னைவிட நான்கு வயது மூத்தவர், அடுத்த தெரு, அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில் எழுத்துக் கூட்டிக் கூட்டி மார்க்க நூல்களைப் படித்துக்கொண்டவள். எதையும் குறித்து வைக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. விட்டுப்போன நோன்பு எத்தனை, அதில் பிடித்து முடித்தது எத்தனை, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன், நிறைவேற்றினேனா என்று பெயர் வாரியாக நோட்டில் எழுதுவேன். உங்களுக்கு நல்ல குரல். நான்கு பேர் முன்னால் நின்றால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஹதீஸ்களைத் தேடி, பொருள் பார்த்து, பாடமாக எழுதித் தருவது நான். பேசுவது நீங்கள். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. உங்கள் வீட்டு வரவேற்பறையில் இருபது இருபத்தைந்து பெண்கள் கேட்டது என் எழுத்தை, உங்கள் வாயால். கோப்பில் இருக்கும் கையெழுத்து முழுக்க என்னுடையது. சிவப்புப் பென்சில் மட்டும் உங்களுடையது.

அந்தப் பென்சில் வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் போய், பிரிக்பீல்ட்ஸில் தாள், கோப்பு, பென்சில் எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நம் ஸலாமைக் கேட்டு, பரிமாறிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் வந்து நின்றார். ராமநாதபுரத்துக்காரர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"மகளுக்கு அடுத்த மாசம் நிக்காஹ், அக்கா. பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு. கேட்டா, போனா நீ திரும்பி வரமாட்டேங்கிறார்."

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்விட்டீர்கள், கல்லாவுக்கு.

"பாஸ், அந்த அண்ணனோட பாஸ்போர்ட்ட அவர் கையில குடுங்க."

"ஆன்டி, இது எங்க கடை விஷயம் லா. நீங்க சாப்பிடுங்க."

"கடை விஷயமா? கபுர்க்குழியில வானவங்க வந்து கேப்பாங்களே, அப்பவும் கடை விஷயம்னு சொல்லிப் பாருங்க. பெத்த மக கல்யாணத்துக்குப் போக விடாம ஒரு மனுஷன அடைச்சு வச்சிருக்கீங்க. அஞ்சு வேளை தொழுற நெத்தித் தழும்பு வேற தெரியுது."

கடை முழுவதும் கை நிறுத்திப் பார்த்தது. அவர் முகம் கறுத்துப்போய் இழுப்பறையைத் திறந்தார், பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். நீங்கள் அதை எடுத்து அந்த அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று, "தேத்தண்ணியில சீனி அதிகம், பாஸ். குறைங்க," என்றீர்களே. நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. திரும்பி வரும்போது ரயிலில் சொன்னீர்கள்: "சரியான வார்த்தைய சரியான ஆள்கிட்ட சொல்லணும், தங்கச்சி. அதுக்குத்தான் அல்லாஹ் நாக்கு குடுத்திருக்கான்."

அன்று என் நோட்டில் எழுதினேன்: லாத்தா இன்று ஓர் அநியாயத்தை நாவால் தடுத்தார். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அதை நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் யாத்தியின் பாஸ்போர்ட் உங்கள் படுக்கையறை அலமாரியில், நகைப்பெட்டிக்குக் கீழே இருந்தது. மூன்று வருஷமாக இருந்தது. எனக்கும் தெரியும். உங்கள் வீட்டில் வேலை செய்த இந்தோனேசிய லொம்போக் பெண், உங்களை இபு, அதாவது அம்மா என்றும், என்னைக் காக், அக்கா என்றும் கூப்பிடுகிறவள், அவளுக்கும் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது, அதுவும் அவள் கையில் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நம் தெருவில் வேலையாள் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் அப்படித்தான். உப்பு ஜாடி அடுப்படியில் இருப்பதுபோல, பாஸ்போர்ட் அலமாரியில். பிரிக்பீல்ட்ஸில் பார்த்ததையும் உங்கள் வீட்டில் இருந்ததையும் நான் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்க இனி வழியில்லை.

நியாயமாகவே சொல்கிறேன். அவளை நீங்கள் அடித்ததில்லை. சம்பளம் ஒரு நாள் பிந்தியதில்லை. நீங்கள் சாப்பிட்ட கறியைத்தான் அவளும் சாப்பிட்டாள். இதையெல்லாம் நான் எழுதாவிட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அப்புறம் நீங்கள் மக்காவுக்கு உம்ரா போனீர்கள். மகனும் மருமகளும் ஷா ஆலமில். அதனால் சாவிக்கொத்து என்னிடம் வந்தது. "அலமாரிச் சாவியும் இதுல இருக்கு. வேற யாரையும் நான் நம்பமாட்டேன். நம்பி ஒப்படைக்கிற அமானத், தங்கச்சி," என்று என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை நீங்களே மடக்கிவிட்டீர்கள்.

நீங்கள் போன ஆறாம் நாள், செவ்வாய்க்கிழமை. மாலை அஸர் தொழுது முடித்திருந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு யாத்தி நிற்கிறாள், காலில் செருப்பில்லை. ஊரில் அவளுடைய தாய் விழுந்துவிட்டாராம், ஆஸ்பத்திரியில் இவள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நாளைக் காலை விமானத்தில் இடம் இருக்கிறது, தம்பி பார்த்துவிட்டான். பாஸ்போர்ட் மட்டும் வேண்டும். "தோலோங், காக்," என்றாள். உதவி செய்யுங்கள் என்று. அந்த இரண்டு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

உங்களுக்கு அழைத்தேன். பின்னால் ஜனங்களின் இரைச்சல். நீங்கள் கஅபாவைப் பார்த்துக்கொண்டுதான் பேசினீர்கள் என்று பிறகு நீங்களே சொன்னீர்கள்.

"அழுதாளா? அழத்தான் செய்வா. இப்ப விட்டா திரும்ப வரமாட்டா, தங்கச்சி. பக்கத்து வீட்டு வேலையாளு இப்படித்தான் அம்மாவுக்கு முடியலன்னு போனா, போனவதான்."

"லாத்தா, ஆஸ்பத்திரி படம் காட்டுறா. பொய் மாதிரி தெரியல."

"நான் வந்து பாத்துக்கிறேன்."

"பிரிக்பீல்ட்ஸ்ல நீங்க என்ன சொன்னீங்க, லாத்தா?"

"அது வேற, இது வேற லா. அது கடை, இது என் வீடு. சாவி அமானத். ஞாபகம் வச்சுக்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள்.

நான் உங்கள் வீட்டுக்குப் போனேன். அலமாரி முன்னால் நின்றேன். இதை உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை: சாவியைத் துவாரத்தில் நுழைத்தேன். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு யாத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அமானத் என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒப்படைத்ததை ஒப்படைத்தவரிடமே சேர்க்க வேண்டும் என்று நானே என் கையால் எத்தனை தாளில் எழுதியிருக்கிறேன். அந்தப் பாஸ்போர்ட்டே அவளுடைய அமானத்தாக உங்களிடம் இருந்தது, அதைத் திருப்பிக் கேட்டுத்தான் அவள் நிற்கிறாள் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மார்க்கத்தை வைத்தே என் கையைக் கட்டிப் போட்டீர்கள், லாத்தா. நானும் நீட்டிக் காட்டினேன், கட்டுங்கள் என்று.

சாவியை உருவிக்கொண்டேன். அடுப்படிக்குப் போய் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவளோடு உட்கார்ந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முன் அவளுடைய தாய் மௌத்தாகிவிட்டார். அடுத்த புதன் நீங்கள் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சையுமாக வந்து இறங்கினீர்கள். யாத்தியைக் கட்டிப்பிடித்து, அவள் கையில் ஸம்ஸம் கொடுத்துவிட்டு மலாயில் சொன்னீர்கள்: "அடக்கம் ஆயிருச்சு. இனிமே போய் என்ன பண்ணப் போற? பெருநாள் முடியட்டும், அனுப்பி வைக்கிறேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன், உங்கள் சாவிக்கொத்தை நீட்டியபடி.

முகத்துக்கு நேரே கேட்க எனக்குத் துணிவில்லை. எனக்குத் தெரிந்தது எழுத்து. அந்த வாரப் பாடத்தை வேண்டுமென்றே எழுதினேன். நம் கைக்குக் கீழே இருப்பவர்கள் நம் உடன்பிறப்புகள் என்பதையும், தனக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்ப வேண்டும் என்பதையும், செய்யாததை ஏன் சொல்கிறீர்கள் என்று அல்லாஹ் கேட்பதையும் அடுத்தடுத்து வைத்தேன். வாசிக்கும்போது உறைக்கட்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் வாசித்தீர்கள். "அவங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே" என்ற வரியில் உங்கள் குரல் உடைந்தது. நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அறையில் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். அதே நேரம் யாத்தி தேநீர்த் தட்டோடு உள்ளே வந்து, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து நீட்டிவிட்டுப் போனாள். அவளுக்குத்தான் தமிழ் தெரியாதே என்று எல்லோருக்கும் நினைப்பு.

அந்தக் கண்ணீரைப் பார்த்து நான் ஏமாந்தேன். உங்களுக்கு உறைத்துவிட்டது, நாளைக்கே அலமாரியைத் திறந்துவிடுவீர்கள் என்று நம்பினேன். என் மனசுக்குள் அன்றே உங்களை மன்னித்தும்விட்டேன். அலமாரி திறக்கவில்லை. பெருநாள் முடிந்து, அதற்கடுத்த பெருநாளும் முடிந்து, வேலை பெர்மிட் தீர்ந்த பிறகுதான் அவள் போனாள். நானும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை கோப்பில் அந்தப் பாடத்தைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் அந்த வரி. அதன் ஓரத்தில் உங்கள் சிவப்புப் பென்சில்: இங்கே நிறுத்து. கண்ணைத் துடை. தண்ணீர் குடி.

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை எண்ணவில்லை. மற்ற பாடங்களையும் புரட்டிப் பார்த்தேன். நோய், மரணம், அனாதைகள், எங்கெல்லாம் நீங்கள் அழுதீர்களோ அங்கெல்லாம் சிவப்பு. ஒருவேளை வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தபோது உண்மையிலேயே அழுகை வந்து, கூட்டத்தில் தடுமாறக் கூடாதே என்று குறித்துவைத்தீர்களோ? அப்படி நினைத்துக்கொள்ள மனசு கிடந்து ஆசைப்படுகிறது. ஆனால் எந்த அழுகையாக இருந்தால் என்ன, லாத்தா? அதற்குப் பிறகும் அந்தப் பாஸ்போர்ட் நகைப்பெட்டிக்குக் கீழேதானே கிடந்தது.

இந்தக் கோபத்தோடு சேர்த்து உங்கள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்த நாளையும் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூக்குமுன் சுராவ் பள்ளிவாசல் இமாம் வாசலில் நின்று வழக்கம்போல மலாயில் கேட்டார்: இறந்துபோன இந்த மையித்தைப் பற்றி உங்கள் சாட்சி என்ன? ஆண்கள் வெளியிலிருந்தும் பெண்கள் உள்ளிருந்தும் சொன்னார்கள், "பாய்க்." நல்லவர் என்று. மூன்று முறை கேட்டார். முதல் முறை நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. உங்கள் மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்றாம் முறை நானும் பாய்க் என்றேன். சாட்சி, லாத்தா. சாட்சி சொல்வது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று பாடம் எழுதியவளும் நான்தான்.

பிறகு உங்கள் மகன் சிவந்த கண்ணோடு ஒவ்வொருவரிடமாக வந்தான். "உம்மா உங்க மனசு நோகிற மாதிரி ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க, ஆன்டி. ஹலால் பண்ணிடுங்க." மற்றவர்கள் எல்லாம் "எப்பவோ மன்னிச்சாச்சுப்பா" என்றார்கள். நான் "இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவன் ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனான்.

கோப்பைப் படித்த இரண்டாம் நாள், மருமகளிடம் எண் வாங்கி யாத்திக்கு அழைத்தேன். உங்களுக்காக மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. உங்கள்மேல் கோபப்பட எனக்கு ஒரு துணை வேண்டியிருந்தது.

"காக்?" என்றாள். குரல் மாறவில்லை. பின்னால் கோழி கத்தியது. நான் மலாயில் தட்டுத்தடுமாறித் தொடங்க, அவள் சிரித்துக்கொண்டே, "தமிழ்லயே பேசுங்க, காக். ஆறு வருஷம் இருந்தேன்ல," என்றாள்.

அந்தத் தேநீர்த் தட்டு நினைவுக்கு வந்தது.

நீங்கள் மௌத்தானதைச் சொன்னேன். இன்னா லில்லாஹி ஓதினாள். உங்கள் அலமாரியைப் பற்றி, அவள் தாயைப் பற்றி, சிவப்புப் பென்சிலைப் பற்றிக்கூட நான் கொட்டினேன். உனக்குக் கோபம் இல்லையா என்றேன்.

"இபு மேலயா? இல்ல, காக். எப்பவோ மன்னிச்சேன். இபுவுக்குப் பயம். நான் ஓடிருவேன்னு பயம். பயந்தவங்கள என்ன செய்றது?"

"அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும்," என்றேன். வைத்துவிடலாம் என்றிருந்தேன்.

"காக்குக்குப் பயம் இல்ல," என்றாள். "காக்குக்கு எது சரி, எது தப்புன்னு தெரியும். புத்தகம் படிப்பீங்க. சாவி உள்ள போச்சு, நான் பாத்தேன். திருப்பல. எனக்கு தேத்தண்ணி போட்டீங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தினமும் அதுதான் ஞாபகம் வருது. இபு முகம் வரல. காக் கை வருது."

"என்னை மன்னிச்சுடு, யாத்தி," என்றேன்.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. "பெலும், காக்."

மலாயில் இல்லை என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. பெலும் என்றால் இன்னும் இல்லை.

நீங்கள் தப்பித்துவிட்டீர்கள், லாத்தா. அலமாரியைப் பூட்டிய நீங்கள் மன்னிப்போடு போய்விட்டீர்கள். அதைத் திறக்காத நான் இங்கே நிற்கிறேன். இதற்கும் எனக்கு உங்கள்மேல் கோபம்தான். உங்கள்மேல் கோபம் இருக்கும்வரை என் கையைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வசதியும் போய்விட்டது.

வரும் சனிக்கிழமை வகுப்பு என் வீட்டில். நோட்ஸை அப்படியே படிக்கமாட்டேன் என்று உங்கள் மருமகளிடம் சொல்லிவிட்டேன். அந்த ஒரு பாடத்தைத்தான் எடுக்கப்போகிறேன். தொண்டை அடைக்கும், அடைக்கட்டும். பென்சில் குறி இருக்கும் இடத்தில் நிறுத்தமாட்டேன். உங்களைப் பற்றி ஒரு சொல் வராது. ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் பூட்டியிருந்த அலமாரியின் சாவி என்னிடம் இருந்தது, நான் திருப்பவில்லை என்றுதான் தொடங்குவேன். வருகிறவர்களில் ஆறு பேர் வீட்டில் வேலைக்கு ஆள் இருக்கிறது. அந்த ஆறு அலமாரியும் எனக்குத் தெரியும். முடித்ததும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, அந்தப் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்பேன். அடுத்த வாரம் பாதி நாற்காலி காலியாக இருந்தாலும் சரி.

நோட்டில் நேற்று ஒரு புதுப் பக்கம் எடுத்தேன். யாத்தியின் பெயரை எழுதி, எதிரே பெலும் என்று எழுதினேன். அது அவள் எனக்குத் தரவேண்டிய மன்னிப்பு. அவளாகத் தரும்வரை நான் கேட்கமாட்டேன். அதற்குக் கீழே உங்கள் பெயரை எழுதினேன். அது நான் உங்களுக்குத் தரவேண்டியது. உங்கள் மகன் கேட்டுவிட்டுப் போய் ஆறு வாரம் ஆகிறது. ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகத் துஆ கேட்கிறேன், ஒரு வேளைகூட விட்டதில்லை. ஆனாலும் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உங்கள் பெயருக்கு எதிரேயும் அதே சொல்லைத்தான் எழுத முடிந்தது.